மந்திரியின் இருமல்

எங்கள் வீட்டில் ஒரு முன்னாள் மந்திரி குடியிருக்கிறார் என்று ஏழு மாதம் நம்பினேன். செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆன மந்திரி. எனக்கு வயது ஐம்பத்தொன்று. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது தொழில். எதையும் மூன்று முறை நடத்திப் பார்த்த பிறகே நம்புகிறவன் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியவன். இருமல் சத்தம் மூன்று முறைக்கு மேலேயே கேட்டுவிட்டது. அதனால் நம்பிவிட்டேன். தொழில் தர்மம்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் நாங்கள் வாங்கியது பழைய மரவீடு. உயரமான கூரை, கால் வைத்தால் முனகும் பலகைத் தரை, குளிர்காய அறைக்கு ஒரு கணப்படுப்பு. விற்றுக்கொடுத்த முகவர், அந்தக் காலத்து அரசியல்வாதி ஒருவர் கட்டிய வீடு என்று பெருமையாகச் சொன்னார். "எந்தக் கட்சி?" என்று கேட்டேன். அப்போதெல்லாம் கட்சியே கிடையாது என்றார். கட்சி இல்லாத அரசியல்வாதி என்ற செய்தியே எனக்குப் பேய்க்கதை மாதிரிதான் இருந்தது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். செத்தவர்கள் விஷயத்தில் அவளுக்கு அனுபவம் அதிகம். "செத்தவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உயிரோட இருக்கிறவங்கதான் பெல்லை அடிச்சுக்கிட்டே இருப்பாங்க" என்பாள். மகளுக்குப் பதிமூன்று வயது. ஆக்லாந்தில் பிறந்தவள். நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் அவளுக்குத் தோன்றினால்.

தெருப்பக்கத்து அறை என் வேலை அறை ஆயிற்று. அதன் கணப்படுப்பை முன்பே யாரோ பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டி மேசையைப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் அறை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி நாலு இருக்கும். முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இரண்டு இருமல். வறண்ட, வயதான ஆணின் இருமல். அதன்பின் ஒரு நிறுத்தம், ஏதோ சொல்ல வாயெடுத்தது மாதிரி. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு முனகல், சொல் ஒன்றும் பிடிபடாமல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய்.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாள் வேலைக்கூட்டம் ஒன்று காணொளியில் ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடி. திரையில் இருந்த எட்டு முகங்களும் நிமிர்ந்தன. குழுத்தலைவி, "யாருக்கு இருமல்? உடம்பு சரியில்லையென்றால் போய்ப் படுங்கள்" என்றாள். ஒலிவாங்கி பிடித்திருக்கிறது. அப்படியென்றால் என் மண்டைக்குள் கேட்கும் சத்தம் இல்லை. நான் "மன்னிக்கவும், நான்தான்" என்றேன். ஒரு பேய்க்காக அலுவலகத்தில் பழி ஏற்றுக்கொண்ட முதல் ஆள் நானாக இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அப்பா செத்தபோது நான் போகவில்லை. கொரோனாவுக்காக எல்லைகளை மூடியிருந்த நேரம். தம்பி கொள்ளி வைத்தான். நான் இங்கே சமையலறையில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நடுவில் படம் உறைந்துவிட்டது. மூத்தவன் நான்தான் வருடாவருடம் திதி கொடுக்க வேண்டும். முதல் வருடம் எல்லை திறக்கவில்லை. அடுத்த வருடம் எல்லை திறந்திருந்தது, எனக்கு வேலை இருந்தது. இங்கேயே கடற்கரையில் கொடுத்திருக்கலாம். ரானுயி புறநகரில் இருக்கும் ஐயர் ஒருவரிடம் கேட்கவும் செய்தேன். செத்தவர், அவருடைய அப்பா, அவருடைய தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும் என்றார். எனக்கு இரண்டு பெயர்தான் தெரியும். மூன்றாவது பெயரை விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தவன், விசாரிக்கவில்லை. பெயர் கிடைத்துவிட்டால் திதி கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் அப்பா செத்துவிட்டார் என்று ஆகிவிடும். வரும் பங்குனியில் மூன்றாவது வருடம்.

சரி, மந்திரிக்கு வருவோம். அவரைப் பற்றி யோசிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பிழையைக் கண்டால் பதிவேடு போடுவது என் பழக்கம். தேதி, நேரம், எத்தனை இருமல், மறுபடி நிகழ்ந்ததா என்று கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் தெரிந்தது. சனி, ஞாயிறு இருமல் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரைதான். அரசாங்க ஆள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அக்டோபரில் இரண்டு வாரம் சத்தமே இல்லை. பாராளுமன்ற நாட்காட்டியைத் தேடினேன். அதில் ஒரு வாரம் அவைக்கு விடுமுறை. இன்னொரு வாரம் பொருந்தவில்லை. அவர் சொந்த விடுப்பு எடுத்திருப்பார் என்று வைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் பதிவேட்டைக் காட்டினேன். இரவுப்பணி முடிந்து வந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இவ்வளவு ஒழுங்கா லீவு எடுக்கிற ஒருத்தரைப் பேய்ங்கறீங்களே. நம்ம ஆஸ்பத்திரியில இப்படி ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம்."

"விளையாடாத. எனக்கு நெஞ்சு அடைக்குது."

"இடது கை வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப தோசையைச் சாப்பிடுங்க."

மகளின் அறைக் கதவைத் தட்டி, புகைபோக்கியில் ஏதாவது விநோதமான சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். "நோ," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆர் யூ ஓகே, அப்பா?" என்றாள். ஓகே என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். எனக்குக் கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே நூலகத்துக்குப் போனேன். உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் இருந்த அம்மாள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டச்சு செய்த குடும்ப வரலாறு, பத்திரிகைத் துணுக்குகள், ஒரு புகைப்படம். புகைப்படத்தில் தாடி வைத்த ஒரு ஆள் கணப்படுப்பின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். என் கணப்படுப்பு. ஓரத்தில் விரிசல்கூட அதேதான். அவர் கண்கள் வெளிறியவை. அந்தக் காலத்துப் படங்களில் நீலக் கண்கள் அப்படித்தான் விழும் என்று அந்த அம்மாள் சொன்னாள். அவர் படம் எடுப்பவனைப் பார்க்கவில்லை. அறையின் நடுவில், இப்போது என் நாற்காலி இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஸ்காட்லாந்தில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். கப்பலேறி வந்து துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்குக் கயிறும் தாரும் விற்றார். மாகாண சபைக்குப் போனார், பிறகு பாராளுமன்றத்துக்கு. தலைநகரத்தை ஆக்லாந்திலிருந்து வெலிங்டனுக்கு மாற்றியபோது மணிக்கணக்கில் எதிர்த்துப் பேசித் தோற்றார். மண்ணின் மக்களான மாவோரிகளிடம் போரில் பிடித்த நிலங்களைப் பங்கு போடும் சட்டத்துக்குக் கை தூக்கினார், பங்கும் கிடைத்தது. ஒருமுறை மந்திரியானார். ஐந்து வாரத்தில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. ஆனாலும் சாகும்வரை அவரை மந்திரி என்றே கூப்பிட்டார்கள். எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். ஆசியாக்காரர்களை உள்ளே விட்டால் இந்த நாடு உருப்படாது என்று ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார். அதே ஆளின் வீட்டை ஒரு ஆசியாக்காரன் மார்ட்கேஜ் போட்டு வாங்கி, அவர் படுத்த அறையில் ரசம் மணக்க உட்கார்ந்திருந்தால் அவர் இருமாமல் என்ன செய்வார்?

அதையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு இரங்கல் குறிப்பு ஒன்றில் ஒரு வரி. அவையில் எழுந்து பேசுவதற்கு முன்னால் அவர் இரண்டு முறை இருமுவாராம். அந்த இருமல் கேட்டால் எதிர்வரிசைக்காரர்கள் செய்தித்தாளைக் கீழே வைப்பார்களாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் குறைவு. நூலகத்தில் வெயில் இருந்தது, குழந்தைகள் ஓடின, நான் மட்டும் குளிர்ச்சட்டையின் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நான் செய்தவற்றைப் பட்டியலிட வெட்கமாக இருக்கிறது. கணப்படுப்பு மாடத்தில் தேநீர் வைத்தேன், பால் ஊற்றாமல். கூடவே ஒரு பிஸ்கட். முதல் நாள் தேநீர் அப்படியே இருந்தது. பிஸ்கட்டைக் காணோம். இரண்டாம் நாளும் பிஸ்கட்டைக் காணோம். மூன்றாம் நாள் இரண்டு பிஸ்கட் வைத்தேன், இரண்டும் போயின. பதிவேட்டில் எழுதினேன்: "பசி அதிகரிக்கிறது."

செத்தவருக்குப் பசி என்றால் நம்மவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். குடும்ப வரலாற்றை மறுபடி எடுத்து அவருடைய சந்ததியைப் பார்த்தேன். இரண்டு மனைவிகள், ஏழு பிள்ளைகள். மூன்று குழந்தைகள் தொட்டிலிலேயே போய்விட்டன. ஒரு மகன் துறைமுகத்தில் படகு கவிழ்ந்து போனான். ஒருவன் ஆஸ்திரேலியாவுக்குப் போனவன், கடிதம்கூட இல்லை. இரண்டு பெண்களும் கல்யாணம் செய்துகொள்ளாமல் இதே வீட்டில் கிழவிகளாகிச் செத்தார்கள். கடைசிப் பக்கத்தில், இத்துடன் இந்த வம்சம் முடிந்தது என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே மிச்சப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எள்ளும் தண்ணீரும் விட ஒரு ஆள் இல்லை. நூறு வருடமாகக் காத்திருந்து, கடைசியில் திதி என்ற வார்த்தை தெரிந்த ஒருவன் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறான். அவனிடம் இருமாமல் யாரிடம் இருமுவார்?

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை ஒரு சத்தமும் இல்லை. கோடை விடுமுறை, அவை கலைந்திருக்கிறது என்று எழுதினேன். ஆனால் அந்த ஆறு வாரமும்தான் எனக்கு மிக மோசமாகப் போயின. சத்தம் வந்தால் பயம் நாலு மணிக்கு வந்து நாலே காலுக்குப் போய்விடும். வராதபோது நாள் முழுக்க அந்தப் பலகையையே காதால் தொட்டுக்கொண்டிருந்தேன். அந்த இருமலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்ற எண்ணம் வேறு வந்துவிட்டது. கேட்டிருக்க வழியே இல்லை. அந்த ஆள் பேச்சை நிறுத்தியபோது என் கொள்ளுத்தாத்தாவே பிறந்திருக்க மாட்டார். அவர் பெயர்தான் எனக்குத் தெரியாது.

பிப்ரவரி முதல் வாரத்தில் இருமல் திரும்பி வந்தது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து அடுத்த நிமிடம் பயந்தேன்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அவருடைய முன்னோரைத் தேடினேன். ஸ்காட்லாந்து தேவாலயப் பதிவேட்டின் நகலில் அவர் அப்பா கிடைத்தார், தாத்தா கிடைத்தார், கொசுறாகக் கொள்ளுத்தாத்தாவும் கிடைத்தார். மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அவர்களுக்கும் வழக்கம். ஒரே இரண்டு பெயர்கள் மாறி மாறி மேலே ஏறிக்கொண்டு போயின. ஒரு தாளில் அழகாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐயரைப் பார்க்கப் போனேன்.

ஐயர் யாழ்ப்பாணத்துக்காரர். வாரநாட்களில் மங்கரேயில் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். மூன்று மணிக்கு வரும் அவரது சாப்பாட்டு இடைவேளையில் வாகன நிறுத்தத்தில் சந்தித்தோம். ஒளிரும் மஞ்சள் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் சாப்பாட்டு டப்பா.

"சொல்லுங்கோ அண்ணை. ஆருக்குத் திதி?"

"குடும்ப நண்பர் ஒருத்தருக்குங்க ஐயா. வாரிசு இல்ல."

"கோத்திரம்?"

"தெரியலைங்க."

"பரவாயில்லை, காசியப கோத்திரம் எண்டு சொல்லலாம். பேர்?"

தாளை எடுத்து வாசித்தேன். நாலு தலைமுறையும் வாசித்தேன். எங்களுக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. அது போகும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"அண்ணை, இவை வெள்ளைக்காரர் எல்லோ?"

"ஆமா."

"என்ன நடந்தது, உண்மையைக் கதையுங்கோ."

எல்லாவற்றையும் சொன்னேன். இருமல், பதிவேடு, பிஸ்கட், பாராளுமன்ற விடுமுறை. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்கடை அப்பாவுக்கு எண்டு என்னட்டைக் கேட்டனீங்கள். ஒரு பேர் குறையுது, விசாரிச்சுச் சொல்லுறன் எண்டனீங்கள்."

"ஆமாங்க."

"விசாரிச்சனீங்களோ?"

நான் விமான ஓடுதளத்தைப் பார்த்தேன்.

"இந்தாளுக்கு நாலு தலைமுறை தேடிப் பிடிச்சிருக்கிறியள். பெத்த தகப்பன் வாசல்லை நிக்கிறார். அவரை நிக்க வச்சிட்டு ஊரான் ஒருத்தருக்கு முதல் இலை போடச் சொல்லுறியளோ? நான் செய்ய மாட்டன் அண்ணை. அந்தப் பேரைக் கொண்டு வாங்கோ. பிறகு மந்திரியைப் பாப்பம்."

"சரிங்க."

"பங்குனியிலை எல்லோ அவர் திதி? கிட்ட வந்திட்டுது." அவர் மறுபடி டப்பாவைத் திறந்தார். "பிஸ்கட் விசயத்தை வீட்டிலை உள்ளவையிட்டை விசாரியுங்கோ. எங்கடை ஆக்களுக்குச் சோறு வைக்கிறது. பிஸ்கட் எடுக்கிற ஆவி எண்டு நான் கேள்விப்படேல்லை."

மங்கரேயிலிருந்து பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது தம்பிக்குப் போன் செய்தேன். அவனுக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. "அப்பாவுக்குத்தான்டா தெரியும்" என்றான். "நீ கேட்டிருக்கலாம்ல, உனக்குத்தான டெய்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டிருந்தாரு" என்றான். அப்பா அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டர். எழுதுவது பிடிக்காது, பேசித்தான் அனுப்புவார். கடைசி மாதத்தில் அவர் அனுப்பியவற்றில் பதினொன்று என் கைபேசியில் கேட்கப்படாமல் அப்படியே இருந்தன. அப்போது வேலைக்கு நடுவில் பிறகு கேட்கலாம் என்று விட்டேன். பிறகு அவர் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி ஆகப்போகிறது. நடையில் மகளின் பள்ளிக்கூடப் பை கிடந்தது. நேராக என் அறைக்குப் போய், முதல்முறையாகக் கணப்படுப்பைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தேன். "ஐயா, உங்களுக்கு இப்போதைக்கு முடியாது. எங்கப்பா முன்னால நிக்கிறார்" என்று மந்திரியிடம் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. ஆங்கிலத்தில் சொல்வதா தமிழில் சொல்வதா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போது இருமல் வந்தது. இரண்டு முறை. நிறுத்தம்.

பலகையில் காதை வைத்தேன். பிறகு, எந்தத் துணிச்சலிலோ, அதன் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்தேன். ஆணிகள் துருப்பிடித்தவை. பலகை கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த குளிரும் கரிவாசனையும் முகத்தில் அடித்தன. அதோடு குரலும் தெளிவாக வந்தது.

"திருவெறும்பூர், காட்டூர், பால்பண்ணை. பால்பண்ணை இறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க..."

எழுந்து மகளின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. அவள் அந்தப் பக்கத்துக் கணப்படுப்பின் முன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கைபேசி அடுப்பின் உள்திண்டில் இருந்தது. அறையில் சார்ஜ் போட பிளக்பாயின்ட் இருக்கும் ஒரே இடம் அதன் பக்கத்தில்தான். கையில் என் பிஸ்கட் ஒன்று.

"வாட்?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசியை நிறுத்தப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"தினம் இதைக் கேக்கிறியா?"

"ஸ்கூல் விட்டு வந்ததும். ஜஸ்ட் ஃபார் அ பிட். தாத்தா டஸ் த பஸ் ஸ்டாப்ஸ்."

"ஹெட்போன் போட்டுக்கலாம்ல?"

யோசித்தாள். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "ஹெட்போன்ல தாத்தா என் தலைக்குள்ள இருக்கார். இப்படிப் போட்டா ரூம்ல இருக்கார்."

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் பாதிப் பிஸ்கட்டைக் கொடுத்தாள். தாத்தா இருந்தபோது பள்ளியில் முன்னோர்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாடம் ஒன்று அவளுக்கு இருந்ததாம். என்னிடம் கேட்டதற்குப் பிறகு சொல்கிறேன் என்றேனாம். அதனால் தாத்தாவைக் கேட்டாளாம், அவர் பேசி அனுப்பினாராம். அந்தப் பதிவைத் தேடிப் போட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் இரண்டு அறைக்கும் புகைபோக்கி ஒன்று. பள்ளி நாட்களில் நாலு மணிக்கு அதன் வழியாக வந்தது என் அப்பாவின் இருமல். பஸ் நிறுத்தத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான் இரண்டு முறை இருமுவார். அந்தப் பதிவிலும் இருமினார். தன் அப்பா பெயரைச் சொன்னார், தாத்தா பெயரைச் சொன்னார், பேத்தி எழுதிக்கொள்வதற்காக ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னார். அதே பதிவை அதே நாளில் எனக்கும் அனுப்பியிருந்தார். பதினொன்றில் அது நாலாவது.